தண்ணீரில் ஒன்பது

செவ்வாய்தோறும் வருகிறாள் மலோமோ
ஐந்து மில்லி இரத்தம் கொடுக்க.
ஹர்மாட்டன் காற்று இபாதானைத் தூசியால் மூடும் மாதங்களில்
இரண்டு ஸ்வெட்டர், பையில் மூன்று லிட்டர் தண்ணீர்.
"குடிப்பதற்கு ஒரு வேலை, போவதற்கு ஒரு வேலை,
நடுவில்தான் கடை" என்பாள், சிரிக்காமல்.

கைபேசி பழுது பார்ப்பவள்.
எள்ளைவிடச் சிறிய திருகாணிகளோடு பழகிய விரல்கள்.
நான் நரம்பைத் தேடுமுன் அவளே சொல்லிவிடுவாள்:
"இந்தத் தெரு அடைபட்டது. அடுத்ததைப் பாருங்கள்."

அவள் பெயருக்குப் பொருள், இனிமேல் போகாதே.
அவளுக்கு முன் மூன்று பேர் வந்து போயிருந்தார்கள்.
ஒரே பிள்ளைதான் திரும்பத் திரும்பப் பிறந்து
ஏய்த்துவிட்டுப் போகிறது என்று ஊர் சொன்னது.
ஆகவே பெயரிலேயே கெஞ்சி வைத்தார்கள்.
நான் அதையே இரண்டு எழுத்தில் எழுதுகிறேன்: எஸ், எஸ்.
தகப்பன் ஒன்று, தாய் ஒன்று.
தனித்தனியே அவர்களை மலேரியாவிடமிருந்து காத்த கவசம்
இவளிடம் இரண்டாய்ச் சேர்ந்ததும்
கத்தியாயிற்று.

வேர் போடே சந்தையில் வாங்கியது.
பல் துலக்கும் குச்சி மரம், மென்றால் நாக்கு மரத்துப்போகும்.
என் கழுத்தில் பல்கலைக்கழக அட்டையைப் பார்த்ததும்
ரஃபியாத்து விலையை இரட்டித்தாள்.
ரசீது கேட்டேன். பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுச் சிரித்தாள்.
டிசம்பர் வேர் வேலை செய்தது.
ஜூலை வேர் செய்யவில்லை.
மழையா, வெட்டிய பக்கமா,
மின்சாரம் போய்க் குளிர்பெட்டி வியர்த்துக் கிடந்த அந்த வெள்ளிக்கிழமையா?
கட்டுரையில் இதற்கென்று ஒரு வரி உண்டு: மேலும் ஆய்வு தேவை.
அந்த வரிக்குள் என் இரண்டு வருடம் படுத்திருக்கிறது.

இன்று கேட்டாள்:
"பதினான்கு மாதமாய்க் கொடுக்கிறேன்.
அதுகளை நான் பார்த்ததே இல்லையே."

குவியத்தை என்னைவிடத் துல்லியமாகத் திருகினாள்.
மூச்சை உறிஞ்சும் உப்பில் ஒரு துளி விட்டேன்.
வட்டங்கள் ஒவ்வொன்றாய் வளைந்து
நுனி முளைத்து
பிடியில்லாத அரிவாள்கள் ஆயின.
"இதுகளா?" என்றாள்.
"ராத்திரி இரண்டு மணிக்கு என் முழங்காலுக்குள் நடப்பது
இந்தப் பொடிசுகளா?"

கண்ணாடிக்கு அடியில் வேர்ச்சாறு
தேநீர்க்கறை போல் பரவியது. இருபது நிமிடம்.
அதற்குள் என் கைபேசியின் சார்ஜர் துளையிலிருந்து
ஒரு வருடத்துப் பஞ்சைக் குண்டூசியால் எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு எண்ணினோம். அவள் சொல்ல, நான் எண்ணியை அழுத்த:
விரிந்தது, விரிந்தது, இல்லை, விரிந்தது.
நூற்றுக்கு எழுபத்தொன்று.
விதிப்படி தவறு. கொடுத்தவர் எண்ணக்கூடாது.
அதனால் இந்தத் தகடு ஏட்டில் இல்லை.

"இதை எவ்வளவு குடிக்கணும்?"
வாளிக்கணக்கில். தினமும்.
அதற்கு முன் சிறுநீரகம் போய்விடும் என்றேன்.
"ஆக, கண்ணாடியில் நான் சௌக்கியம்."

நான் தகடுகளைக் கழுவ எடுத்தபோது
"வெறும் தண்ணீர் விட்டது இருக்குமே, அதைக் காட்டுங்கள்" என்றாள்.
அதிலும் ஒன்பது விரிந்திருந்தன.
"இதுகளுக்கு யார் மருந்து கொடுத்தது?"
யாருமில்லை.
எங்கள் கணக்கில் அது இரைச்சல்,
எழுபத்தொன்றிலிருந்து கழித்துவிட வேண்டியது.

அவள் கழிக்கவில்லை.
ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு
குழாயில் கண்ணை வைத்தபடி
வாய்க்குள் என்னவோ சொன்னாள்.
காதில் விழுந்தவரை அது அவள் பெயர்தான்.
மலோமோ. சற்றுப் பொறுத்து, மலோமோ.
தகட்டை இம்மியளவு நகர்த்தி, மறுபடி.

எத்தனை தடவை என்று
நான் எண்ணவில்லை.